எலி வாகனத்துக்குப் பக்கத்தில் என் கதிரை

செயலாளர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் வீதியில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னீர்கள். யுத்த காலத்திலேயே உங்கள் சபை நடக்க முடியாத ஒரு பெண்ணுக்குச் சில்லுக் கதிரை கொடுத்ததாம். பாவம், அந்தப் பிள்ளை கூச்சப்பட்டு அதில் ஏறவே இல்லையாம். சனம் கை தட்டியது. நான் பந்தலின் ஓரத்தில் இருந்தேன். எதில் இருந்தேன் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பீர்கள். அதே கதிரையில்தான் இருந்தேன்.

அந்தப் பிள்ளை நான்தான். எனக்குக் கூச்சம் என்று ஒன்று இருப்பது என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நாட்களில் நான் கதிரையில் ஏறாததற்குக் காரணம் பூட்டு. அதன் திறப்பு உங்கள் இடுப்பில் தொங்கியது.

பழைய கதை என்று விட்டுவிடலாம். விட மாட்டேன். என் கதிரையைப் பூட்டி வைத்த அதே கோயில் கொட்டகையில் இப்போது இன்னொரு கதிரை நிற்கிறது. கட்டைபறிச்சானில் இரண்டு காலையும் இழந்த ஒருவருக்கென்று ஊர் சேர்ந்து வாங்கிய கதிரை. அதற்கும் மாலை போட்டாயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுவேன்.

சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு என் கால்கள் போய்விட்டன. பார்க்க இருக்கும், வேலை செய்யாது. பிறகு நான் கையால் நடந்தேன். பழைய வள்ளத்துப் பலகையில் அப்பா இரண்டு கட்டை சீவித் தந்தார். மேலே பிடிக்கக் கயிறு. கட்டைகளை முன்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த இடத்தில் வைப்பேன். கடற்கரை மணலில் நன்றாகப் போகலாம். கல் றோட்டில் போனால் கட்டை வழுக்கும், உள்ளங்கை உரியும். கட்டைச் சத்தம் கேட்டால் எங்கள் ஒழுங்கைத் தெரு நாய்கள் எழும்பி வழி விடும். மனிதர்களைவிட அவற்றுக்கு மரியாதை கூட.

அந்த உயரத்தில் போகிற எனக்கு ஊரில் எல்லோருடைய முழங்காலும் தெரியும். யாருடைய முழங்காலில் எந்தத் தழும்பு என்று கேட்டால் சொல்வேன். முகங்கள்தான் கொஞ்சம் குழம்பும்.

தையல் பழகினேன். காலால் மிதிக்கிற மெசின் எனக்கு ஏலாது. கையால் சுற்றுகிற மெசின் ஒன்று வீட்டில் இருந்தது. வலது கை சுற்றும், இடது கை துணியைத் தள்ளும். சட்டை தைத்தேன், வள்ளத்துப் பாய் தைத்தேன். ஆக எனக்குக் காலும் கைதான், தொழிலும் கைதான். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்திருங்கள். இனி வருகிற சண்டை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

உலக யுத்தம் வந்தது. துறைமுகம் முழுக்கக் கப்பல், றோட்டு முழுக்க லொறி. அண்ணனுக்குக் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் வேலை. யப்பான்காரன் வந்து குண்டு போட்ட அன்று அண்ணன் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடினார். மச்சாள் பின்னால் கோழியோடு ஓடிவந்தாள். கோழியை மறக்கவில்லை. என் கட்டைகளை மறந்துவிட்டார்கள். திரும்பி வரும்வரை ஒரு மாமரத்தின் கீழ் நெல்லு மூட்டை மாதிரி இருந்தேன். வெயில் வந்தால் யாராவது நிழலுக்குத் தள்ளி வைப்பார்கள். மறந்தால் வெயிலில் இருப்பேன்.

"கோழிக்குக் கால் இருக்கு, அது தானா ஓடியிருக்கும். என்ரை காலை ஏன் விட்டிட்டு வந்தனியள்?" என்று கேட்டேன்.

"கோழி முட்டை இடும்" என்றாள் மச்சாள். அண்ணனின் பெண்சாதி. வாய் கத்தி, மனம் பஞ்சு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மனமும் கத்திதான். ஆனால் எனக்காக வெட்டுகிற கத்தி.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் அண்ணன் டொக்யாட்டில் கிழிந்த தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து தைத்துத் தரச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். அந்தத் தையலை ஒரு பறங்கி அம்மா கண்டுவிட்டார். ஓர்ஸ் ஹில் குன்றில் கப்பல்களுக்குச் சைகைக் கொடி தைக்கிற கொட்டகைக்கு அவர்தான் பொறுப்பு. தைத்த ஆளைக் கூட்டிவரச் சொன்னார். அண்ணன் என்னைக் கரியரில் கொண்டுபோய் வாசல் படலையடியில் இறக்கினார். அதற்கு மேல் போக விடமாட்டார்கள். துவக்கோடு சென்றி, காவல்காரன், நிற்பான். பாஸ் உள்ளவர் மட்டும் உள்ளே போகலாம். பாஸ் உள்ளவரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குப் பாஸ் இல்லை.

பறங்கி அம்மா படலையடிக்கு வந்தார். ஒரு துண்டு கொடித்துணியும் ஊசியும் தந்தார். றோட்டோரத்தில் இருந்து தைத்துக் காட்டினேன். தையலை இழுத்துப் பார்த்தார். அறுந்து வரவில்லை.

"சரி, மேலே வா. மெசினைக் காட்டுறன்."

படலையிலிருந்து கொட்டகைக்குப் பாதை ஏற்றம். முழுக்க முழுக்கக் கருங்கல் சல்லி. கட்டைகளை ஊன்றி ஏறினேன். அவர் பக்கத்தில் நடந்து வந்தார். பாதி வழியில் ஒரு கட்டை வழுக்கி வெறுங்கை கல்லில் போனது. மேலே போய் மெசினுக்கு முன்னால் இருந்தபோது கையில் நிறையவே இரத்தம். வெள்ளைத் துணியைத் தொட்டேன், வெள்ளைத் துணி சிவப்பானது.

"இது வேறை கொடி" என்று சிரித்தார் அவர். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பிள்ளை, உன்ரை தையல் எனக்கு வேணும். ஆனால் ஒவ்வொரு நாளும் இப்படி வந்தால் நீ என்னத்தைத் தைப்பாய்? வாற மாதம் போய் மற்ற மாதம் பிறக்கப் புது மெசின் வருது. அண்டைக்குக் காலமை சுகமான கையோடை நீ அதுக்கு முன்னாலே இருந்தால் மெசின் உனக்கு. இல்லாட்டில் வேறை ஆளுக்கு. நான் கொடியை நிப்பாட்டி வைக்க ஏலாது, கப்பல் நிக்குது." பாஸை அன்றே எழுதித் தந்தார்.

அவரில் எனக்குக் கோபம் இல்லை. என் காலைப் பற்றி ஒரு பாவமும் பார்க்காமல் கையைப் பற்றி மட்டும் கதைத்த முதல் ஆள் அவர்.

இந்தக் கதை ஊரில் பரவியது. இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், செயலாளர் அவர்களே. கதிரை வாங்கலாம் என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான். அப்போது நீங்கள் இளந்தாரி. வாசிகசாலைச் சபைக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருந்தீர்கள். ஓர்ஸ் ஹில்லில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குண்டுக்குப் பயந்து வீட்டைக் காலி செய்கிறது, அவர்களின் கிழவி இருந்த சில்லுக் கதிரை விலைக்கு நிற்கிறது என்று கண்டுபிடித்து வந்தவரும் நீங்கள்தான். நல்ல வேலை. அங்கேயே நிறுத்தியிருந்தால் உங்களுக்குச் சிலை வைத்திருப்பேன்.

வாசிகசாலை முற்றத்தில் ஏலம் போட்டார்கள். எங்கள் ஊர் ஏலம் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் பொருளை ஏலத்தில் எடுப்பார். காசைக் கொடுத்துவிட்டுப் பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி அதே பொருள் ஏலத்துக்கு வரும். அன்று வந்தது ஒரு பூசணிக்காய். கூப்பன் அரிசியில் வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த சனம் அந்தப் பூசணிக்காயைப் போட்டி போட்டு எடுத்தது, எடுத்தவர் எல்லாம் திருப்பிக் கொடுத்தார்.

சல்லிக் கிராமத்தில் இருந்து மீன் கொண்டுவரும் மாமி இரண்டு தரம் எடுத்தா. இரண்டாம் தரம் ஏலம் கூறுகிறவர், "மாமி, உங்களுக்கு இந்தப் பூசணிக்காயிலை அப்படி என்ன ஆசை?" என்று கேட்டார்.

"ஆசை ஒண்டும் இல்லை. அந்தப் பெட்டை என்ரை கூடைக்குக் கீழாலே வந்து மீனை விலை பேசுறாள். ஒரு நாளைக்காவது முகத்தைப் பாத்துப் பேசட்டும்."

கிண்ணியாவில் இருந்து வந்து சந்தியில் சைக்கிள் திருத்துகிற முஸ்லிம் நானாவும் ஒரு தரம் எடுத்தார். "தங்கச்சி, கதிரை வந்தால் சில்லு என்ரை பொறுப்பு" என்று முற்றத்தில் வைத்தே சொன்னார். கடைசியில் அந்தப் பூசணிக்காயை யார் தின்றார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

கதிரை வந்தது. முதுகும் இருக்கையும் பிரம்பு. பக்கத்தில் இரண்டு பெரிய சில்லு, டயர் போட்டது. பின்னால் ஒரு சின்னச் சில்லு. சில்லைச் சுற்றி மர வளையம், கையால் தள்ளிக்கொண்டு போகலாம். நானா எண்ணெய் விட்டார். அண்ணன் என்னைத் தூக்கி இருத்தினார். சந்தியிலிருந்து கோயில் வாசல்வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். ஏறத்தாழ எல்லோருடைய முகத்துக்கும் நேரே என் முகம் போனது. சிலருக்கு மூக்கு இவ்வளவு பெரிது என்று அன்றுதான் கண்டேன். வளையத்தின் மரம் கையில் வழவழவென்று ஓடியது. கையை விரித்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. இந்தக் கையோடு போனால் மெசின் எனக்குத்தான்.

கோயில் வாசலில் நீங்கள் கையை நீட்டி மறித்தீர்கள்.

"தங்கச்சி, இறங்குங்கோ."

"ஏன் ஐயா?"

"முறைப்படி கையளிக்க வேணும். ஒரு பெரிய மனுசனைக் கூப்பிட்டு, மேடை போட்டு, நாலு பேருக்குத் தெரியிற மாதிரி. இது ஊர்ச் சொத்து எல்லோ."

இறங்கினேன். ஒன்றிரண்டு நாள் என்று நினைத்தேன். வாசிகசாலையை ஆமிக்காரர் எடுத்துவிட்டார்கள். அதனால் கதிரையை எங்கே வைப்பது என்று யோசித்து, கோயில் வாகனக் கொட்டகையில் வைத்தீர்கள். திருவிழாவில் சாமி ஏறுகிற வாகனங்கள் நிற்கிற இடம் அது. சின்னப் பிள்ளையார் கோயில் என்றபடியால் பெரிய வாகனம் ஒன்றும் இல்லை. வண்ணம் உரிந்த ஒரு மர எலி நிற்கும். கன்றுக்குட்டி அளவு எலி. அதற்குப் பக்கத்தில் என் கதிரை. கதவில் பூட்டு. வெள்ளிக்கிழமை மட்டும் ஐயருக்குத் திறப்புக் கொடுப்பீர்கள்.

நீங்கள் கூப்பிட்ட பெரிய மனுசனுக்கு யுத்த வேலை. இன்றைக்கு வருகிறேன் என்பார், வரமாட்டார். அடுத்த கிழமை என்பார், அதுவும் இல்லை. இதற்கிடையில் நடந்ததுதான் வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது.

ஐயர் வெள்ளிக்கிழமை கொட்டகையைத் திறந்து எலிக்குச் சந்தனப் பொட்டு வைப்பது வழக்கம். பக்கத்தில் புதிதாக ஒன்று சில்லோடு நிற்கிறது. அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, புது வண்டி வாங்கினால் வைப்பதில்லையா? அடுத்த வெள்ளி யாரோ பொட்டைக் கண்டு மாலை போட்டார்கள். அதற்கடுத்த வெள்ளி சில்லில் எலுமிச்சங்காய் கட்டப்பட்டது. பிறகு மூட்டு வலிக்காரப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கதிரையை மூன்று தரம் சுற்றினால் முழங்கால் நோ மாறுகிறதாம். கைப்பிடியில் மஞ்சள் நூல் கட்டி நேர்த்தி வைத்தார்கள். நடக்க ஏலாத நான் வெளியே மணலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கக்கூடியவர்கள் என் கதிரையை நடந்து நடந்து சுற்றினார்கள்.

"ஐயா, என்ன இது?" என்று ஐயரைக் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "பிள்ளை, நான் ஒரு பொட்டுத்தான் வைச்சனான். மிச்சமெல்லாம் சனம் வைச்சது. இப்ப நான் எடுக்கப் போனால் என்னைச் சாப்பிட்டுவிடுவினம்."

"அப்ப நான் ஏறலாமோ?"

"என்னைக் கேட்டால் ஓம். ஆனால் வாகனக் கொட்டகைக்குள்ளே வந்தது மேளம் இல்லாமல் வெளியிலே போகக்கூடாது எண்டு சபை சொல்லுது. மேளம் அடிக்க நாள் பாக்க வேணும். நாள் பாக்கப் பெரிய மனுசன் வர வேணும்."

ஆனால் கதிரை மேளம் இல்லாமல் வெளியே போகத்தான் செய்தது, செயலாளர் அவர்களே. உங்கள் நாடகத்துக்கு அரசனின் சிம்மாசனமாகப் போனது. பொன் நிறக் கடதாசி ஒட்டி, மேலே அட்டைக் கிரீடத்தோடு ஒரு தடியன் இருந்தான். அவன் எழும்பி நடந்தே வசனம் பேசினான். பிறகு கோயில் தலைவருக்குக் கால் வீங்கிய கிழமை, அவரை வைத்து வீதி சுற்றினீர்கள். அவருடைய கால் மறு கிழமை சுகமாகிவிட்டது. மூட்டு வலிக்காரர்களின் கூட்டம் இரண்டு மடங்கானது.

பறங்கி அம்மா சொன்ன மாதம் பிறக்கக் கிட்டியது. உங்களிடம் வந்தேன். கட்டைகளை ஊன்றிக்கொண்டு உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். நினைவிருக்கிறதா?

"ஐயா, வெள்ளிக்கிழமை மாதம் பிறக்குது. அண்டைக்கு நான் மெசினுக்கு முன்னாலே இருக்க வேணும். இல்லாட்டில் வேலை போயிடும்."

"பொறுமையா இரும் பிள்ளை. ஒரு பெரிய மனுசன் கையாலே வாங்கினால் உமக்கும் மதிப்புத்தானே."

"எனக்கு மதிப்பு வேண்டாம். சில்லு வேணும்."

"இப்படிக் கதைக்கக் கூடாது. ஊர் தந்தது. ஊருக்கு ஒரு மரியாதை இருக்கு. அதோடை, நீர் கொண்டுபோய் எங்கேயாவது உடைச்சுப் போட்டால் ஆர் பொறுப்பு?"

அரசன் உடைக்கமாட்டான், தலைவர் உடைக்கமாட்டார், நான் உடைப்பேன். சரி. மச்சாளிடம் போய்ச் சொன்னேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவி முடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை கொட்டகை திறப்பினம் எல்லே? வா, கும்பிடப் போவம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சட்டை போட்டு, பாஸைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். உண்மையில் மச்சாளிடம் ஒரு திட்டமும் இருக்கவில்லை. நீங்கள் நிற்பீர்கள், எல்லோருக்கும் முன்னால் உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். நீங்களும் நின்றீர்கள். கொட்டகை திறந்து கிடந்தது. திறப்புப் பூட்டிலேயே தொங்கியது. ஐயர் கற்பூரத் தட்டோடு. மூட்டு வலிக்காரர்கள் வரிசையாக. மச்சாள் தொண்டையைச் செருமினாள்.

அப்போது சைரன் அடித்தது.

அந்த மாதங்களில் சைரன் அடிக்கடி அடிக்கும். பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆனாலும் ஏப்ரல் மாதக் குண்டை மறந்தவர் ஒருவரும் இல்லை. மூட்டு வலிக்காரர்கள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேர்த்தி பலித்துவிட்டது என்றே நினைத்தேன். ஐயர் தட்டோடு ஓடினார். நீங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினீர்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயில் பின்பக்கப் பதுங்குகுழிக்குள் குதித்தீர்கள். உங்கள் முழங்காலை எனக்கு முன்பே தெரியும். அன்று இன்னும் கொஞ்சம் மேலேயும் தெரிந்தது.

கொட்டகையில் நானும் மச்சாளும் எலியும் மிச்சம்.

மச்சாள் வானத்தைப் பார்த்தாள். கதிரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏறடி" என்றாள்.

என்னைத் தூக்கிப் போட்டாள். மாலை, எலுமிச்சங்காய், மஞ்சள் நூல், ஒட்டிக் கிடந்த பொன் கடதாசி எல்லாவற்றோடும் வெளியே வந்தோம். ஊரில் ஒரு மனிதர் இல்லை. லொறி இல்லை, வண்டி இல்லை. எங்கள் ஊர் றோட்டை அப்படி வெறுமையாக நான் பார்த்ததே இல்லை. கடைகள் பாதி திறந்தபடி. ஒரு தேநீர்க் கடை அடுப்பில் கேத்தில் தனியே கொதித்துக்கொண்டிருந்தது. நான் வளையத்தைச் சுற்றினேன், மச்சாள் தள்ளினாள். சில்லு பறந்தது. பயம் வர வேண்டிய நேரம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

குழிகளில் இருந்து தலைகள் எழும்பின.

"எடி விசரி! மேலாலே யப்பான்காரன் வாறான், நீ தேர் இழுக்கிறியோ?" என்று ஒரு குரல்.

"வந்தால் அவனையும் வந்து தள்ளச் சொல்லு!" என்றாள் மச்சாள்.

சந்திக் குழியில் இருந்து மீன்கார மாமியின் தலை வந்தது. கூடையைத் தலையில் கவிழ்த்து வைத்திருந்தா. "போ பிள்ளை, போ! என்ரை பூசணிக்காய் ஓடுது பாருங்கோ!" பக்கத்தில் நானா கையை வாயில் குவித்துக் கத்தினார், "தங்கச்சி, பள்ளத்தை விலத்திப் போ! டயர் கவனம்!"

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மச்சாளுக்கு மூச்சு முட்டியது. "உனக்குச் சோறு போட்டது பிழை. மலை மாதிரி இருக்கிறாய்" என்று திட்டிக்கொண்டே தள்ளினாள். படலைக்குப் போய்ச் சேரவும் ஆபத்து நீங்கிய சங்கு ஊதவும் சரியாக இருந்தது. சென்றி குழிக்குள் இருந்து எழும்பினான். முதலில் இரும்புத் தொப்பி, பிறகு கண். மாலையைப் பார்த்தான், எலுமிச்சங்காயைப் பார்த்தான். நான் பாஸை நீட்டினேன். மச்சாளை மறித்தான், என்னை விட்டான்.

அங்கிருந்து நான் தனியே போனேன். கருங்கல் சல்லியில் சில்லு புதையும். ஒவ்வொரு தள்ளுக்கும் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஆனால் கை வளையத்தில் இருந்தது, கல்லில் இல்லை. பறங்கி அம்மா தன் குழியில் இருந்து வந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை, கலியாணம் முடிச்சு நேரே வாறியோ?"

"கையைப் பாருங்கோ" என்று விரித்துக் காட்டினேன். தூசி இருந்தது. கழுவினேன், போய்விட்டது. மெசினுக்கு முன்னால் போய் இருந்தேன். மாலையைக் கழற்றி மெசினுக்குப் போட்டேன்.

அன்று பின்னேரம் நீங்கள் சபையோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கோயில் சொத்துத் திருட்டு என்றீர்கள். முதலில் ஊர்ச் சொத்து, இப்போது கோயில் சொத்து. திருப்பிக் கொடுத்தால் முறைப்படி தருவோம் என்றீர்கள். மச்சாள் என்னைப் பாயில் இறக்கிவிட்டுத் தானே கதிரையில் ஏறி இருந்துகொண்டு, வெற்றிலை போடத் தொடங்கினாள்.

முற்றத்தில் சனம் கூடிவிட்டது. நானா முன்னுக்கு வந்தார். "செயலாளர் ஐயா, நான் சில்லுக்கு எண்ணெய் விட்டது ஓடத்தான். கும்பிட இல்லை."

மீன்கார மாமி உங்களை மேலும் கீழும் பார்த்தா. "தம்பி, நாங்கள் பூசணிக்காய் எடுத்தது இவளுக்கு. எலிக்குத் துணைக்கு இல்லை. காலமை குழிக்குள்ளே என்ரை தலைக்கு மேலே குதிச்சனீர், ஞாபகம் இருக்கோ? அப்ப இந்தக் கதிரையை ஏன் தூக்கிக்கொண்டு வரேல்லை?"

சனம் சிரித்தது. நீங்கள் போய்விட்டீர்கள். கதிரை நின்றது. பெரிய மனுசன் வரவே இல்லை, மேடையும் போடவில்லை. என் கதிரை இன்றுவரை கையளிக்கப்படாத கதிரைதான்.

யுத்தம் முடியும்வரை கொடி தைத்தேன். எந்தக் கப்பல் எந்த நேரத்தில் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னதில் கொஞ்சம் என் தையல். பிறகு கொட்டகையை மூடினார்கள். அந்தத் தொழிலை வைத்துக் கடைத்தெருவில் ஒரு தையல் கடை போட்டேன். இன்றும் நடக்கிறது. கதிரையின் பிரம்பு போய்ப் பலகை வந்துவிட்டது. மற்றபடி அதுதான் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் கதிரை வாங்கித் தந்தது, உண்மை. ஆனால் வாங்கிய அன்றோடு ஊர் தன் வேலை முடிந்தது என்று படுத்துவிட்டது. யுத்தத்தில் றப்பர் கிடைக்காது. டியூப் வெடித்தபோது சபையிடம் கேட்டேன். "கதிரை இப்ப எங்கடை பொறுப்பிலே இல்லை" என்று பதில் வந்தது. டியூப்புக்கு ஒருவரும் பூசணிக்காய் கொண்டுவரவில்லை. நானா லொறி டியூப் வெட்டி ஒட்டினார். அதுவும் போனபின் சில்லைச் சுற்றித் தும்புக் கயிறு கட்டினார். அதில் போனால் பல் ஆடும். என் ஒழுங்கைக்குக் குறுக்கே பதுங்குகுழி வெட்டினார்கள். கதிரை எப்படித் தாண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அண்ணன் பலகை போட்டார். கதிரை கொடுத்தால் போதாது. அது ஓடப் பாதை வேண்டும், உடைந்தால் திருத்த ஆள் வேண்டும், முதலில் அதைப் பூட்டி வைக்காமல் இருக்க வேண்டும்.

இப்போது கட்டைபறிச்சான்காரருக்கு வருகிறேன். இறங்குதுறையில் பாரம் விழுந்து இரண்டு காலும் போனவர். அங்கேயே படகுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை அவருக்குக் காத்திருக்கிறது, இந்த மாதம் முடியும்வரைதான் காத்திருக்கும். போன கிழமை கடைக்கு வந்திருந்தார். மகனின் தோளில். கையில் இரண்டு கட்டை. என் கதிரையைப் பார்த்தார். "அக்கா, எனக்கும் ஒண்டு வந்திருக்காம். பெரிய ஆள் ஒருவர் வரவேணுமாம்" என்றார். அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த கை.

நேற்றுக் கொட்டகைப் பக்கம் போனேன். கதவு இடுக்கால் பார்த்தேன். எலிக்குப் புது வண்ணம் பூசியிருக்கிறீர்கள். பக்கத்தில் கதிரை. சந்தனப் பொட்டும் வைத்து மாலையும் போட்டாயிற்று. எலுமிச்சங்காய் இன்னும் இல்லை. வருகிற வெள்ளி வந்துவிடும்.

ஆகவே செயலாளர் அவர்களே, அந்த வெள்ளிக்கே வாருங்கள். அதே வீதி, அதே ஒலிபெருக்கி. வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம், மச்சாள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். பொய்யை ஒலிபெருக்கியில் சொன்ன ஆள் பதிலையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் நான் ஏன் அந்தக் கதிரையில் ஏறவில்லை? கொட்டகைத் திறப்பு இப்போது யாருடைய இடுப்பில் இருக்கிறது? பெரிய மனுசன் வந்தாலும் வராவிட்டாலும் கட்டைபறிச்சான்காரர் எந்த நாள் தன் கதிரையில் ஏறுவார்? நாளைச் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். எனக்குக் கதிரை போட வேண்டாம், கொண்டுவருவேன். ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.